ஒரு பழைய எழுத்துமுறை மாற்றியின் கோப்புகளில் பதிப்புரிமைக் குறிப்புகளைச் சீர்செய்த பதிவு

நாங்கள் சில பேர் சேர்ந்து பராமரித்துவரும் ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. டிஸ்கி, டேப், டேம், பாமினி என்ற பழைய எழுத்துக் குறியாக்கங்களில், யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும். தமிழ்நாடு அரசு 1999இல் டேப், டேம் இரண்டையும் தரமாக ஏற்றது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. ஆனால் அந்த இடைக்காலத்தில் தட்டச்சானவை எங்கும் போய்விடவில்லை. இணைய இதழ்களின் பழைய இதழ்கள், நூல்களின் மின்பிரதிகள், யாரோ ஃப்ளாப்பியில் பத்திரப்படுத்திய ஆய்வேடு என்று எதையாவது எடுத்துக்கொண்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

இதை லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான டெபியனில், நிறுவத் தயாரான ஒரு பொதியாகச் சேர்க்கலாமே என்று ஒரு தன்னார்வலர் முன்வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி நிரல் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் பதிப்புரிமை யாருடையது, எந்த உரிமத்தில் வருகிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். டெபியனில் ஒவ்வொரு பொதியோடும் காப்பிரைட் என்ற பெயரில் ஒரு கோப்பு போகும். உள்ளே இருக்கும் கோப்புகள் யாருடையவை, எந்த உரிமத்தில் உள்ளவை என்று அதில் எழுதியாக வேண்டும். புதிய பொதி உள்ளே நுழையும் முன் அந்தத் திட்டத்தின் காப்பகக் குழுவினர் அதைப் படித்துப் பார்ப்பார்கள். ஒட்டாத தகவல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் ரெப்போவின் (நிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியம்) முகப்பில் லைசென்ஸ் என்ற கோப்பு ஒன்று இருந்தது. எவரும் எடுத்துப் பயன்படுத்தவிடும் எம்ஐடி உரிமம், மேலே திட்டத்தின் பெயர். அதுவே போதாதா என்பது எங்களில் பலருடைய கேள்வி. போதாது என்று நான் வாதிட்டேன், வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். காரணம் எளிது. கோப்புகள் கூட்டமாகவே இருப்பதில்லை. டிஸ்கியின் எந்தக் குறிக்கு யூனிகோடில் எந்த எழுத்து என்று சொல்லும் எங்கள் அட்டவணையை மட்டும் ஒருவர் தன் கைபேசிச் செயலியில் எடுத்துப் போடுவார். அங்கிருந்து இன்னொருவர் எடுப்பார். லைசென்ஸ் கோப்பு பழைய இடத்திலேயே கிடக்கும். கோப்பின் தலையில் எழுதியிருப்பது மட்டும்தான் அதோடு கூடவே போகும்.

குறிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

உரிமை போய்விடுமா என்றால், போகாது. பெர்ன் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் எழுதிய உடனேயே பதிப்புரிமை வந்துவிடும். பதிவு செய்ய வேண்டியதில்லை, © குறியும் தேவையில்லை. அமெரிக்கா மட்டும் வெகுகாலம் தனி வழியில் போய்க்கொண்டிருந்தது. குறிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமையையே இழக்க நேரிடும் என்ற நிலை அங்கே இருந்தது. 1989 மார்ச் 1 முதல் பெர்ன் உடன்படிக்கை அங்கேயும் நடைமுறைக்கு வந்ததோடு அந்தக் கட்டாயம் முடிந்தது. நம் ஊரில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்க்கிறது. எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும்.

அப்படியானால் எதற்காக மெனக்கெட வேண்டும்? எம்ஐடி உரிமத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மேலே உள்ள பதிப்புரிமைக் குறிப்பையும் இந்த அனுமதிக் குறிப்பையும் எல்லாப் பிரதிகளிலும் வைத்திருங்கள். மேலே ஒன்றுமே இல்லாவிட்டால் எதை வைத்திருப்பது? நாமாக எழுதாமல் விட்டால், நாம் கேட்கும் ஒரே பிரதியுபகாரத்தையும் நாமே கைவிட்டது போலத்தான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஜேக்கப்சன் எதிர் கேட்சர் வழக்கு முழுக்க இதைச் சுற்றியே ஓடியது. ராபர்ட் ஜேக்கப்சன் மாதிரி ரயில்களைக் கணினியால் இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூலத் திட்டத்தை நடத்தியவர். அதன் டிகோடர் (ரயிலுக்குள் இருந்து கட்டளை வாங்கும் சில்லு) வரையறைக் கோப்புகளை எதிர்த்தரப்பு எடுத்துத் தன் வணிக மென்பொருளில் பயன்படுத்தியது. எடுத்தது தவறில்லை, உரிமம் அதை அனுமதித்தது. ஆனால் கோப்புகளில் இருந்த ஆசிரியர் பெயர்கள், பதிப்புரிமைக் குறிப்புகள், உரிமக் கோப்பைச் சுட்டும் வரி, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றியது என்ற விவரம் எதுவும் இல்லாமல் அது வெளியானது. இலவசமாகக் கொடுத்ததில் என்ன நஷ்டம் என்ற பாணியில் வாதம் போனது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திறமூல உரிமத்தின் நிபந்தனைகளும் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அமல்படுத்தக்கூடிய நிபந்தனைகளே என்றது. காசு வாங்காமல் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் கூலி அந்தச் சில வரிகள்தான் என்பதை நீதிமன்றமும் புரிந்துகொண்டது என்றே நான் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறேன்.

இந்தியச் சட்டத்திலும் 2012 திருத்தத்தில் 65பி என்ற பிரிவு வந்தது. உரிமை பற்றிய தகவலை, அனுமதியில்லாமல், தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் அதன்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. கோப்பின் தலையை “சுத்தம் செய்கிறேன்” என்று கிளம்பும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பிரிவு இது.

தோண்டியதில் கிடைத்தவை

முதலில் எல்லாக் கோப்புகளின் முதல் இருபது வரிகளை மட்டும் உருவி ஒரே கோப்பில் கொட்டி, வரிசையாகப் படித்தேன். ஸ்கேன்கோடு மாதிரி கருவிகள் இதைத் தானாகச் செய்துதரும். அதையும் பிறகு ஓட்டினேன். ஆனால் முதல் வாசிப்பு கண்ணால் இருப்பது நல்லது. யார் எந்தப் பழக்கத்தில் எழுதினார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

பாதிக்கு மேற்பட்ட கோப்புகளில் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் பெயர் மட்டும். சிலவற்றில் எம்ஐடி என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட், அதாவது எல்லா உரிமையும் எனக்கே. ஒரு உதவி ஸ்கிரிப்டில் மாற்றி வெளியிட்டாலும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு அறிவிப்பு நீளமாகவும், அதன் கடைசியில் அந்த உரிமத்தை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் டெம்பிள் பிளேஸ் முகவரியும். அறக்கட்டளை அங்கிருந்து ஃபிராங்க்ளின் தெருவுக்குப் போய், 2024இல் அந்த அலுவலகத்தையும் மூடிவிட்டது. யூனிகோடு கூட்டமைப்பின் தரவுக் கோப்பு ஒன்று அதன் © வரியோடு ஒழுங்காக இருந்தது. இரண்டு அட்டவணைகளில் ஒரு நிறுவனத்தின் பெயர். ஒரு ஃபங்ஷனுக்கு மேலே, நிரலாளர்கள் கேள்வி பதில் பகிரும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் முகவரி.

குறிப்பு இல்லாத கோப்புகளுக்கு வரலாற்றைத்தான் கேட்க வேண்டும். நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் வரைக்கும் பின்னோக்கிப் போவதைப் போல, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் கருவியின் லாக் கட்டளையில் --ஃபாலோ சேர்த்து, பெயர் மாறிய இடங்களையும் தாண்டிப் போனேன். எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் கிட் பிளேமை வெறுமனே ஓட்டினால் கடைசியாக இடைவெளியைத் திருத்தியவர் பெயர்தான் வரும். இடைவெளி மாற்றங்களைப் பொருட்படுத்தாதே என்று சொல்லவும், வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய வரிகளைக் கண்டுபிடிக்கவும் அதற்குத் தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன. பழைய திட்டங்களில் அவை இல்லாமல் பிளேமை நம்பக் கூடாது.

எங்கள் கிட் வரலாறும் ஓர் இடத்தில் முட்டி நின்றது. அதற்கு முன் நிரல் சப்வெர்ஷன் என்ற இதே வகையான இன்னொரு கருவியில் இருந்தது. அங்கிருந்து கொண்டுவந்தவர் எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக (ஒரே மாற்றப் பதிவாக) ஏற்றியிருந்தார், எனவே முதல் பாதி முழுக்க அவர் எழுதியது போலத் தெரிந்தது. அவரே பழைய வெளியீட்டு ஸிப் கோப்புகளைத் தேடிக் கொடுத்தார். அவற்றின் ரீட்மீயில் நன்றி சொல்லும் பகுதியில் மூன்று பேரின் பெயர்கள் இருந்தன. இரண்டு பேர் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டார்கள். தாங்கள் எழுதியதையே மறந்துபோயிருந்தார்கள். தங்கள் அட்டவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டதும் அவர்களுக்கு வந்த சந்தோஷத்தை அந்த மின்னஞ்சலிலேயே பார்க்க முடிந்தது. இந்த மாதிரி வேலையில் இப்படிப்பட்ட பலன் கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒரே ஆள் ஒரு கமிட்டில் முதலெழுத்தை முன்னால் போட்டிருப்பார், இன்னொன்றில் பின்னால். மூன்றாவதில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார், நான்காவதில் அலுவலகக் கணினி வைத்த பெயர் இருக்கும். கிட்டைக் கேட்டால் நான்கு பேர் என்று சொல்லும். மெயில்மேப் என்ற கோப்பை ரெப்போவின் முகப்பில் வைத்து, எந்தப் பெயரும் முகவரியும் எவருடையவை என்று எழுதிவிட்டால் கிட் ஷார்ட்லாக் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும். பெயர் எப்படி வர வேண்டும் என்பதை அவரவரிடமே கேட்டேன். ஒருவர் தமிழ் எழுத்திலேயே போடுங்கள் என்றார், போட்டோம். பெயர்கள் வரும் கோப்புகள் எல்லாம் யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருப்பதால் எங்கேயும் இடறவில்லை. டெபியனின் காப்பிரைட் கோப்பும் அதே குறியாக்கத்தில்தான் இருக்கிறது.

பிறர் வரியைத் தொடாதே

இந்த வேலையில் நான் கைக்கொண்ட விதி ஒன்றுதான். நம் வரியை எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம். அடுத்தவர் வரியை, எழுத்துப்பிழை இருந்தால்கூட, தொடக் கூடாது.

மாற்றியின் பழைய சி மொழி வடிவத்தில் ஸ்டிரல்சிபிஒய் என்ற ஃபங்ஷனுக்குத் தனியாக ஒரு கோப்பு இருந்தது. சரங்களை அளவு மீறாமல் நகலெடுக்கும் ஃபங்ஷன். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது, எழுதியவர் டாட் சி. மில்லர், ஆண்டு 1998. கணக்கில்லாத மென்பொருள்கள் அந்தக் கோப்பை அப்படியே எடுத்து வைத்திருக்கின்றன. எங்கள் ரெப்போவில் இருந்த பிரதியின் தலையில் எங்கள் திட்டத்தின் பெயரும் எம்ஐடி வாசகமும் இருந்தன. வரலாற்றில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். என்றோ ஒருவர் எல்லா சி கோப்புகளுக்கும் ஒரே சீரான தலைப்பு வேண்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டியிருக்கிறார். அது முதல் கமென்ட் தொகுதியை (நிரலாக ஓடாத குறிப்பு வரிகளை) எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறது. மூலத்தில் ஐஎஸ்சி உரிமத்தின் வாசகமும் மில்லரின் வரியும் இருந்திருக்கின்றன. பதிப்புரிமைக் குறிப்பும் அனுமதிக் குறிப்பும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும் என்பதே அந்த உரிமம் வைக்கும் ஒரே நிபந்தனை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் அந்த நாளிலிருந்து ஒவ்வொரு வெளியீட்டிலும் நாங்கள் அந்த நிபந்தனையை மீறிக்கொண்டிருந்தோம்.

பழைய கமிட்டிலிருந்து அசல் தலைப்பை எடுத்து எழுத்துக்கு எழுத்து அப்படியே திரும்ப வைத்தேன். அதற்குக் கீழே ஒரு வெற்று வரி விட்டு, நாங்கள் செய்திருந்த சின்ன மாற்றத்தையும் ஆண்டையும் குறித்தேன். உரிமக் குறியீட்டை ஐஎஸ்சி என்று போட்டேன். ஐஎஸ்சி, எம்ஐடி இரண்டும் ஒன்றுபோலத்தானே என்று ஒருவர் கேட்டார். பொருளில் நெருக்கம்தான். ஆனால் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எழுதியவருக்கு மட்டுமே உண்டு.

இதே விஷயம் 2007இல் லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி இரண்டு முகாம்களுக்கும் நடுவே பெரிய சண்டையாக வெடித்தது. சண்டை ஏதெராஸ் வயர்லெஸ் சில்லை இயக்கும் டிரைவர் நிரலைப் பற்றியது. எம்ஐடி போலவே தாராளமான பிஎஸ்டி வகை உரிமத்தில் இருந்த கோப்புகளில் அந்தக் குறிப்புகளை எடுத்துவிட்டு ஜிபிஎல் மட்டும் வைக்கும் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. ஓப்பன்பிஎஸ்டி தரப்பு கொதித்துப்போனது. அதையொட்டி மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் அதே ஆண்டில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஜிபிஎல் திட்டத்துக்குள் பிஎஸ்டி கோப்பைக் கொண்டுவரலாம், ஆனால் பழைய குறிப்பை அப்படியே வைத்து, புதியதை அதன் கூடச் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் இந்த விஷயத்தில் யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது அதைத்தான்.

நிறுவனப் பெயர் இருந்த இரண்டு அட்டவணைகளுக்கு வருவோம். எழுதியவர் அப்போது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அலுவலக வேலையின் பகுதியாகவே அவற்றைத் தயாரித்திருந்தார். நம் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். எனவே அவர் பெயரை மட்டும் போட்டுவிட்டு நிறுவனப் பெயரை எடுத்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. உரிமையை எழுதி வாங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றத்துக்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். நமக்குத் தேவை அதுவல்ல. “இந்த இரண்டு கோப்புகளையும் எம்ஐடி உரிமத்தில் வெளியிடுகிறோம், பதிப்புரிமை வரி இப்படி இருக்கட்டும்” என்று ஒரு கடிதம் கேட்டோம். நிறுவனம் தந்தது. அதை ரெப்போவிலேயே ஒரு கோப்பாக வைத்திருக்கிறோம்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஃபங்ஷன்தான் கொஞ்சம் வேலை வைத்தது. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். “கொ” என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று குறிகள். யூனிகோடில் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. இந்த வரிசையை மாற்றுவதுதான் மாற்றியின் உயிர்நாடி, எங்களிடம் அந்த இடத்தில் இருந்தது அங்கிருந்து எடுத்த நிரல். அந்தத் தளத்தில் வரும் பதில்கள், மாற்றினாலும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமத்தில் வருகின்றன: 2011 ஏப்ரலுக்கு முந்தையவை அதன் பதிப்பு 2.5, அதன் பிறகு 2018 மே வரை 3.0, அதற்குப் பிந்தையவை 4.0. நான்காம் பதிப்பிலிருந்து ஜிபிஎல் மூன்றுக்குப் போக வழி உண்டு. எம்ஐடிக்குப் போக எதிலிருந்தும் வழியில்லை. சின்ன ஃபங்ஷன்தானே என்று விட்டுவிடலாம் என்றார்கள். அது சின்னதாக இல்லை, முப்பது வரிக்கு மேல் இருந்தது, சிந்தனையும் எழுதியவருடையது.

அதனால் அந்த நிரலைப் பார்த்தே இராத ஒரு தம்பியிடம் டிஸ்கி 1.7 ஆவணத்தையும் எங்கள் சோதனைக் கோப்புகளையும் மட்டும் கொடுத்து, புதிதாக எழுதச் சொன்னோம். அவர் எழுதியது பழையதைவிட நன்றாகவே வந்தது. பல தட்டச்சாளர்கள் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தை அடித்திருப்பார்கள். அடுத்த எழுத்தைப் பார்த்து அது உண்மையான ளகரமா இல்லையா என்று முடிவு செய்ய அவர் சேர்த்த வரிகள் பழைய நிரலில் இருக்கவேயில்லை.

என்ன எழுதுவது, எங்கே எழுதுவது

நம் கோப்புகளுக்கான வடிவத்தில் விவாதம் அதிகம் நடந்தது ஆண்டைப் பற்றித்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் எல்லாக் கோப்புகளிலும் ஆண்டை ஏற்றிவிடும் பழக்கம் பல திட்டங்களில் இருக்கிறது. அந்தக் கோப்பில் ஒரு எழுத்துகூட மாறாதபோது புது ஆண்டைப் போடுவது உண்மைக்குப் புறம்பானது என்பது என் கட்சி. இணையம் வழியே தரவை அனுப்பிப் பெறும் கருவியான கர்ல் திட்டம் 2023 ஜனவரியில் ஆண்டுகளையே எடுத்துவிட்டது. எப்போது எழுதியது என்பதைக் கிட் நன்றாகவே சொல்லும்போது அதுவும் நியாயம்தான். நாங்கள் நடுவழியில் போனோம்: முதன்முதலில் வெளியான ஆண்டு மட்டும் இருக்கட்டும், கடைசி ஆண்டு வேண்டாம். அமெரிக்கச் சட்டம் வரையறுக்கும் குறிப்பு வடிவத்தில் முதல் வெளியீட்டு ஆண்டு வருகிறது என்பது ஒரு காரணம். கிட்டிலிருந்து பிரிந்து தனியாகப் போன கோப்பில் வயதைச் சொல்ல அந்த நான்கு இலக்கங்கள் மட்டுமே இருக்கும் என்பது எனக்கு முக்கியமான காரணம்.

பெயருக்கு, லினக்ஸ் அறக்கட்டளை பரிந்துரைக்கும் பொதுவடிவத்தை எடுத்துக்கொண்டோம்: இன்ன திட்டத்தின் பங்களிப்பாளர்கள். தனித்தனிப் பெயர்கள் ஆத்தர்ஸ் கோப்பில். ஏற்கெனவே தன் பெயரில் வரி வைத்திருப்பவர்களின் வரி அப்படியே நிற்கும். ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட் என்பதை எங்கள் வரிகளிலிருந்து, எழுதியவர்களைக் கேட்டு, எடுத்துவிட்டோம். 1910ஆம் ஆண்டு புவனோஸ் ஐரிஸ் உடன்படிக்கை காலத்து வாசகம் அது. அதில் இருந்த நாடுகள் எல்லாம் 2000க்குள் பெர்னுக்கு வந்துவிட்டதால் அதற்கு இப்போது வேலையில்லை. பிஎஸ்டி கோப்புகளில் மட்டும் அது உரிமத்தின் தலையிலேயே வரும், அதனால் அங்கே கைவைக்கவில்லை.

உரிமத்தைச் சொல்ல, ஒவ்வொரு உரிமத்துக்கும் ஒரு சுருக்கப் பெயர் தரும் எஸ்பிடிஎக்ஸ் முறையின் குறியீடு ஒரு வரி. முழு உரிம வாசகத்தையும் ஒவ்வொரு கோப்பிலும் ஒட்ட வேண்டியதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2017இல் 4.14 பதிப்பிலிருந்து இந்த வழிக்கு வந்தது, 2021இல் இது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். அந்த ஜிபிஎல் ஸ்கிரிப்டின் அறிவிப்பில் “இரண்டாம் பதிப்பு, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தையது” என்று இருந்தது. எனவே ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர். அந்த ஒரு தொடர் இல்லாவிட்டால் ஒன்லி என்று முடிய வேண்டும். பின்னாளில் அதை ஜிபிஎல் மூன்றில் உள்ள எதோடும் இணைக்க முடியுமா முடியாதா என்பதே இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அறக்கட்டளையின் பழைய முகவரி உள்பட அந்த நீண்ட அறிவிப்பை விட்டுவைத்து, கீழே குறியீட்டை மட்டும் சேர்த்தேன். கோப்பு எங்களுடையது இல்லையே.

வேலையை நடத்தியது ரீயூஸ் என்ற கருவி. ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2017இல் தொடங்கியது. உரிம வாசகங்களை லைசென்சஸ் என்ற ஒரே ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொரு கோப்பிலும் பதிப்புரிமை வரியும் உரிமக் குறியீடும் இருக்கின்றனவா என்று அது சரிபார்க்கும். அதன் லின்ட் கட்டளையை ஓட்டினால் எதில் இல்லை என்று பட்டியல் தரும். அனொட்டேட் சொன்னால் வரிகளைச் சேர்க்கும். கோப்பின் வகையைப் பார்த்துக் கமென்ட் குறியையும் அதுவே தேர்ந்தெடுக்கும்.

ஆனாலும் எங்கே எழுதுவது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஸ்கிரிப்டுகளில் முதல் வரி, எந்த நிரல் அதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் #! வரிதான், குறிப்பு அதற்குக் கீழே. எக்ஸ்எம்எல் கோப்பில், இது எக்ஸ்எம்எல் என்று சொல்லும் அறிவிப்பு வரிக்கு முன்னால் ஒரு கமென்ட் வந்தால்கூட அதைப் படிக்கும் பார்சர் ஏற்காது.

எங்கள் பைத்தான் சோதனைக் கோப்பு ஒன்றில் டிஸ்கி பைட்டுகள் அப்படியே சரங்களாக இருக்கின்றன. அதனால் அந்தக் கோப்பு லாட்டின்-1 குறியாக்கத்தில் இருக்கிறது, அதைச் சொல்லும் வரி இரண்டாவது வரியில் இருக்கிறது. பைத்தான் அந்த வரியை முதல் இரண்டு வரிகளில் மட்டுமே தேடும். இரண்டு வரிக் குறிப்பை அதற்கு மேலே வைத்தால் அந்த வரி நான்காவது வரிக்கு இறங்கிவிடும். பைத்தான் கோப்பை யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கத் தொடங்கி, முதல் டிஸ்கி பைட்டிலேயே சின்டாக்ஸ் பிழை என்று நின்றுவிடும். இந்த மாதிரிக் கோப்புகளை முன்கூட்டியே பிரித்து வைத்து, கையால் மூன்றாவது வரியில் சேர்த்தேன்.

இணையத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வடிவத்தில் வேறு விஷயம். மூலக் கோப்பில் குறிப்பு இருந்தது, ஆனால் சுருக்கி வெளியிடும்போது மினிஃபையர் எல்லாக் கமென்டையும் உதிர்த்துவிடும். மக்கள் கையில் போய்ச் சேருவதோ அந்தச் சுருக்கிய கோப்புதான். கமென்டை /*! என்று தொடங்கினால் பெரும்பாலான மினிஃபையர்கள் அதை விட்டுவைக்கும். ஒரு ஆச்சரியக்குறி சேர்த்ததில் அங்கே நிபந்தனை நிறைவேறியது.

வெறும் தரவை மட்டும் வைக்கும் ஜேசன் வடிவக் கோப்புகளில் கமென்டே எழுத முடியாது. எங்கள் அட்டவணைகள் எல்லாம் ஜேசனில்தான் இருக்கின்றன, வெளியே தனியாக எடுத்துப் போகப்படுபவையும் அவையே. ரீயூஸ் இதற்கு இரண்டு வழி தருகிறது. அதே பெயரோடு .லைசென்ஸ் என்று முடியும் ஒரு துணைக் கோப்பை அருகில் வைக்கலாம். இல்லாவிட்டால் முகப்பில் டாம்ல் வடிவத்தில் உள்ள ஓர் அமைப்புக் கோப்பில் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதலாம். நான் துணைக் கோப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். ஃபோல்டரில் கூட்டம் கூடுகிறது என்று முணுமுணுப்பு வந்தது. அட்டவணையை எடுக்கிறவர் கண்ணில் துணைக் கோப்பு படும், முகப்பில் இருக்கும் டாம்ல் படாது. கூடவே ஒவ்வொரு அட்டவணையின் உள்ளேயும் முதல் உறுப்பாக மூலம், உரிமம் இரண்டையும் சாதாரணத் தரவாகவே எழுதினேன், அதைத் தாண்டிப் படிக்கும்படி மாற்றியைத் திருத்தினோம். சோதனைக்கு வைத்திருக்கும் லோஹித் தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு துணைக் கோப்பு. எழுத்துருவின் உள்ளேயே நேம் அட்டவணையில் பதிப்புரிமைக்குப் பூஜ்யம், உரிமத்துக்குப் 13 என்று எண்ணிட்ட இடங்கள் உண்டு, அதனால் அங்கே நாங்கள் சேர்க்க எதுவுமில்லை.

இப்போது ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) ரீயூஸ் லின்ட் ஓடுகிறது. குறிப்பு இல்லாத புதுக் கோப்பு உள்ளே வராது. பங்களிப்பவர் கமிட்டில் சைன்ட்-ஆஃப் வரி போட வேண்டும் என்றும் சேர்த்தோம். லினக்ஸ் கெர்னலில் 2004இல் வந்த நடைமுறை அது. இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் பெயரில் சொல்வது.

ஒரே ஒரு கோப்பு பாக்கி நின்றது. பாமினி அட்டவணைகளில் ஒன்று, யார் தயாரித்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. பழைய ரீட்மீயில் இருந்த மூன்றாவது பெயராக இருக்கலாம், அவரை யாராலும் தொடர்புகொள்ள முடியவில்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது வெறும் தகவல், அதற்கு ஏது பதிப்புரிமை என்று கேட்கலாம். உச்ச நீதிமன்றமும் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்பாற்றல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வாதாடினால் அந்தப் பக்கம் வலுவாகவே இருக்கும். ஆனால் அந்த அட்டவணையில் வெறும் இணைகள் மட்டும் இல்லை. கூட்டெழுத்துகளுக்கான முன்னுரிமை வரிசையும், அடிக்கடி வரும் தட்டச்சுப் பிழைகளைத் திருத்தும் சோடிகளும் இருந்தன, ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. அதை எங்கள் பெயரில் போட எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துருவையே திறந்து ஒவ்வொரு குறியாகப் பார்த்து இணைகளைப் புதிதாகத் தயாரித்துவிட்டோம், அது வெளியீட்டில் போகிறது. திருத்தச் சோடிகளை இன்னும் யாரும் எழுதவில்லை. பாமினியில் நிறையத் தட்டச்சு செய்தவர்கள், எந்தெந்தப் பிழை எங்கெங்கே வரும் என்று விரலுக்கே தெரிந்தவர்கள் யாராவது உட்கார்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். பழைய அட்டவணை ஒரு தனிக் கிளையில் இருக்கிறது, வெளியீட்டில் இல்லை. அதன் துணைக் கோப்பில் பதிப்புரிமை யாருடையது என்று தெரியவில்லை, உரிமம் இல்லை, எடுத்துப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.